பலியைக் கேட்ட கடவுளா, தம்மையே தந்த கடவுளா?

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி எழும் கேள்விகளில் மிகவும் நேர்மையானது என்று எனக்குத் தோன்றுவது இதுதான்: கடவுள் அன்பானவர் என்கிறீர்கள், சரி, அப்படியானால் மன்னிப்பதற்கு அவருக்கு எதற்கு ஒரு மரணம்? மன்னிக்க நினைத்தால் மன்னித்துவிட்டுப் போகலாமே, நடுவில் இரத்தம் ஏன்? நம்பாதவர்கள் மட்டும் இதைக் கேட்பதில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்கள் மனத்திலும் இது இருக்கிறது. வாய்விட்டுக் கேட்டால் விசுவாசம் குறைந்தவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று விட்டுவிடுகிறார்கள்.

பலருடைய மனத்தில் பதிந்துபோன காட்சி ஒன்று உண்டு. மேலே கோபத்தோடு பிதா, கீழே குற்றவாளிகளாக நாம், நடுவில் அடியை வாங்கிக்கொள்ளும் இயேசு. பிதா கண்டிப்பானவர், இயேசு இரக்கமுள்ளவர். அவர் குறுக்கே வந்ததால் நாம் பிழைத்தோம். சில பிரசங்கங்களிலும் இந்தச் சாயல் வந்துவிடுகிறது. ஆனால் வேதாகமத்தைத் தொடக்கத்திலிருந்து நிதானமாக வாசித்து வந்தால், கதை வேறு திசையில் போவது தெரியும். அதில் முதலில் கொடுப்பவர் கடவுள். மனிதர் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருவது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் சிலுவையும் புரியாது, தியாகமும் புரியாது.

பலிபீடத்தில் நடந்தது என்ன?

பழைய ஏற்பாட்டில் உள்ள லேவியராகமத்தின் முதல் 7 அதிகாரங்கள் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்று ஐந்து வகைகளை விவரிக்கின்றன. வாசிக்கச் சலிப்பாக இருக்கும் என்று பெரும்பாலோர் தாண்டிப் போகிற பகுதி. ஆனால் பலி என்றாலே யாருக்கோ பதிலாக ஓர் உயிர் தண்டிக்கப்படுவது என்ற எண்ணத்தை இந்த அதிகாரங்களே கலைத்துவிடுகின்றன. போஜனபலியில் உயிரே போவதில்லை. மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும்தான். சமாதானபலி ஏறக்குறைய ஒரு விருந்து. கொழுப்பு பலிபீடத்தில் எரிக்கப்படும், ஒரு பங்கு ஆசாரியருக்குப் போகும், மீதியைக் கொண்டுவந்தவர்களே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடவுளோடு ஒரே பந்தியில் இருப்பதற்கு அது அடையாளம்.

குற்றநிவாரணபலியைப் பற்றிய விதி இன்னும் கவனிக்கத்தக்கது. அயலானை ஏமாற்றிப் பொருளைப் பறித்தவன் ஆட்டுக்கடாவோடு நேரே பலிபீடத்துக்கு வந்துவிட முடியாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். மனிதனுக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்யாமல் கடவுளை மட்டும் சமாதானப்படுத்த அங்கே வழி இல்லை.

ஏழைகளுக்கான ஏற்பாடும் அங்கே இருக்கிறது. பாவநிவாரணத்துக்கு ஆடு கொண்டுவர வசதி இல்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் முடியாதவன் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவந்தால் போதும். ஒரு பிடி மாவுக்கும் மன்னிப்பு உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இரத்தம் மன்னிப்பின் விலையாக இருந்திருந்தால் இந்த விதிவிலக்குக்கு இடமே இருந்திருக்காது. மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, பாவநிவிர்த்திக்காக அதைப் பலிபீடத்தின்மேல் வைக்க நானே ஏற்படுத்தினேன் என்று லேவியராகமம் 17-ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார். உறவு முறிந்தபின் திரும்பி வர ஒரு வழியை, பாதிக்கப்பட்டவரே திறந்து வைக்கிறார்.

ஆண்டுக்கொரு முறை வரும் பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலியாகும், அதன் இரத்தத்தோடு பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவார். மற்றதன் தலைமேல் தம் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். பாவத்தைச் சுமக்கிற கடா அங்கே கொல்லப்படுவதில்லை. வெகுதூரம் கொண்டுபோய் விடப்படுகிறது. பலியான கடாவின் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறது. கறைபட்ட மக்கள் நடுவில் கடவுள் தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சடங்கின் நோக்கம்.

மோரியா மலையைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஈசாக்கைப் பலியிடும்படி ஆபிரகாமிடம் சொல்லப்பட்ட ஆதியாகமம் 22, வேதாகமத்தின் மிகக் கடினமான அதிகாரங்களில் ஒன்று. அதை எளிதாக விளக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்பதில் குழப்பம் இல்லை. கத்தி ஓங்கிய கை தடுக்கப்படுகிறது. புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா கண்ணில் படுகிறது. அந்த இடத்துக்கு ஆபிரகாம் 'யேகோவாயீரே' என்று பெயரிடுகிறான். கடவுளே பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அந்தப் பெயரில் இருக்கிறது. பிள்ளைகளைத் தீயில் இடும் வழக்கத்தைப் பற்றி எரேமியா 7-ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசும்போது, நான் அதைக் கட்டளையிடவும் இல்லை, அது என் மனத்தில் தோன்றவும் இல்லை என்கிறார்.

தீர்க்கதரிசிகளின் கோபம்

இவ்வளவு இருந்தும் மனிதர்கள் பலியை வியாபாரமாக்கிவிட்டார்கள். ஏழையை நசுக்கிவிட்டு ஆலயத்துக்கு வந்து கொழுத்த கன்றைக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தார்கள். ஆமோஸும் ஓசியாவும் மீகாவும் ஏசாயாவும் கொதித்தெழுந்தது இதனால்தான். 50-ஆம் சங்கீதத்தில் கடவுளே கேட்கிறார்: 'நான் எருதுகளின் மாம்சம் புசித்து, ஆட்டுக்கடாக்களின் இரத்தம் குடிப்பேனோ?' அவருக்குப் பசி இல்லை. அவருக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. மீகா 6-இல் ஒருவன் பதற்றத்தோடு ஏலம் கேட்பதுபோலத் தன் காணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறான். கன்றுக்குட்டிகளா, ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்களா, என் முதற்பேறான மகனையே தரட்டுமா என்கிறான். வருகிற பதில் மூன்றே காரியங்கள்: நியாயம் செய், இரக்கத்தை நேசி, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நட.

ஓசியாவின் 'பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்' என்ற வார்த்தையை இயேசு இரண்டு முறை எடுத்துப் பேசுவதாக மத்தேயு எழுதுகிறார். ஒருமுறை, வரி வசூலிப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காகக் குறை சொல்லப்பட்டபோது. இன்னொருமுறை, பசித்த சீடர்கள் ஓய்வுநாளில் கதிர்களைக் கொய்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டபோது. இரண்டு இடத்திலும் ஒதுக்கப்பட்டவர்கள் பக்கமும் பசித்தவர்கள் பக்கமும் நின்றுகொண்டு அவர் இதைச் சொல்கிறார்.

சிலுவை

சிலுவையை இன்று ஆலய கோபுரத்தின் உச்சியில் பார்த்துப் பழகிவிட்டோம். முதல் நூற்றாண்டில் அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமப் பேரரசு கொடுத்த மரண தண்டனை. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்துவின் உத்தரவில், நகர வாசலுக்கு வெளியே, இரண்டு குற்றவாளிகளுக்கு நடுவில் இயேசு கொல்லப்பட்டார். அங்கே பலிபீடம் இல்லை, பலி செலுத்தும் ஆசாரியர் இல்லை, ஆராதனை இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஓர் அரசாங்கக் கொலை, அவ்வளவுதான். அதைப் பலி என்று சொல்லத் துணிந்தவர்கள் சாதாரணமான காரியத்தைச் செய்யவில்லை.

அந்தத் துணிவு இயேசுவிடமிருந்தே வந்தது. பஸ்கா பண்டிகை நேரத்தில் நடந்த கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தைப் பிட்டு 'இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என்னுடைய சரீரம்' என்றார். பாத்திரத்தை எடுத்து உடன்படிக்கையின் இரத்தம் என்றார். பஸ்கா ஆட்டுக்குட்டி எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்கள் வெளியேறிய இரவோடு சேர்ந்தது. பாவத்துக்கான தண்டனை அதன் மையம் இல்லை. அதனால் பவுல் கிறிஸ்துவை 'நம்முடைய பஸ்கா' என்று எழுதும்போது விடுதலையைப் பேசுகிறார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் பாவநிவிர்த்தி நாளைப் பேசுகிறது. ஏசாயா 53-இன் பாடுபடும் ஊழியரை முதல் விசுவாசிகள் இயேசுவில் கண்டார்கள். ஒரே மரணத்தைச் சொல்ல அவர்களுக்கு இத்தனை படிமங்கள் தேவைப்பட்டன; எந்த ஒன்றும் தனியாகப் போதவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவருடைய சம்மதம். 'ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான். நானே அதைக் கொடுக்கிறேன்' என்று யோவான் 10-இல் தம் உயிரைப் பற்றிச் சொல்கிறார். அதே சமயம் கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று மன்றாடியவரும் அவரே. வேதனையை அவர் விரும்பவில்லை, தேடிப் போகவில்லை. நேசித்தவர்களை விட்டு ஓடிவிடவும் இல்லை. ஆணி அடித்தவர்களுக்காக, 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்று வேண்டிக்கொண்டதை லூக்கா பதிவு செய்கிறார். வன்முறை மனிதர்களிடமிருந்து வந்தது. அதைத் திருப்பி அடிக்காமல் தம்மிலேயே முடிவுக்குக் கொண்டுவந்த அன்பு கடவுளிடமிருந்து வந்தது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் இல்லையென்றால் இதுவும் ஒரு நல்லவரின் சோக முடிவாகவே நின்றிருக்கும். அந்த அன்பைச் சாவால் அடக்கிவைக்க முடியவில்லை என்பதுதான் கிறிஸ்தவர்களின் சாட்சி.

யாருக்குச் செலுத்தப்பட்டது?

சிலுவை நம்மை எப்படி மீட்கிறது என்பதற்குத் திருச்சபை ஒரே ஒரு விளக்கத்தை அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். கிறிஸ்து யார் என்பதைப் பற்றி 325-இல் நிசேயாவிலும் அதற்குப் பின்னும் பேராயர்களின் பொதுச்சங்கங்கள் கூடி நுணுக்கமாக வரையறுத்தன. மீட்பின் விதத்தைப் பற்றி விசுவாச அறிக்கை சொல்வதோ 'நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்' என்பது மட்டும்தான்.

தம் உயிரை அநேகருக்காக மீட்கும்பொருளாகக் கொடுக்க வந்ததாக இயேசு சொன்னதை மாற்கு 10:45-இல் வாசிக்கிறோம். மீட்கும்பொருள் என்றால் யாரிடம் கொடுத்தது? பிசாசிடம்தான் என்று ஆதித் திருச்சபையின் சில பெரிய ஆசிரியர்கள் சொன்னார்கள். நிசா நகரத்து கிரகோரி, மனித உடல் என்ற இரையை விழுங்கப்போன சாத்தான் தெய்வத்துவம் என்ற தூண்டில் முள்ளில் மாட்டிக்கொண்டதாக விளக்கினார். அவர் காலத்திலேயே, 4-ஆம் நூற்றாண்டில், நசியான்சு நகரத்து கிரகோரி இதை ஏற்க மறுத்தார். திருடனுக்குப் போய் இவ்வளவு பெரிய கூலியா என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது. அப்படியானால் பிதாவுக்கா? நம்மைச் சிறைபிடித்து வைத்திருந்தவர் பிதா இல்லையே என்றார். அதோடு, ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுத்தபோதே ஏற்றுக்கொள்ளாமல் ஆட்டுக்கடாவைத் தந்த பிதா, தம் ஒரேபேறான குமாரனின் இரத்தத்தில் எப்படி மகிழ்ந்திருப்பார் என்று கேட்டார். நம் காலத்துச் சந்தேகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை 1,600 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேராயர் இவ்வளவு தெளிவாகக் கேட்டுவிட்டார். பிதா அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் அவர் கேட்டதாலோ அவருக்குத் தேவைப்பட்டதாலோ இல்லை, மனிதர் பரிசுத்தமாக்கப்பட வேண்டும் என்பதால் என்று அவர் பதில் சொன்னார்.

1098-இல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் வேறொரு வழியில் யோசித்தார். பாவம் கடவுளுக்குரிய மகிமையைப் பறிக்கிறது. அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் மனிதன், ஈடுசெய்ய முடிந்தவரோ கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளே மனிதரானார் என்பது அவருடைய வாதம். அவருடைய சிந்தனையில் ஈடு என்பது தண்டனைக்கு மாற்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஈடு செலுத்தப்பட்டால் தண்டனைக்கே அவசியம் இல்லை என்றார். 16-ஆம் நூற்றாண்டில், சட்டம் படித்த சீர்திருத்தவாதி கால்வின் நீதிமன்ற மொழியில் பேசினார்: நமக்குரிய தீர்ப்பைக் கிறிஸ்து தம்மேல் ஏற்றுக்கொண்டார். புராட்டஸ்டன்ட் பிரசங்கங்களில் இன்று அதிகம் கேட்பது இந்த விளக்கத்தைத்தான். இதற்கு நடுவே 12-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம் உள்ளத்தில் அன்பை மூட்டுகிறது என்று வலியுறுத்தினார். 1930-இல் சுவீடனைச் சேர்ந்த இறையியலாளர் குஸ்தாவ் அவுலேன், பாவத்தின்மேலும் சாவின்மேலும் கிறிஸ்து பெற்ற வெற்றியே ஆதித் திருச்சபையின் முதன்மையான பார்வை என்று நினைவூட்டினார்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை எறிந்துவிட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு, ஈடு, வெற்றி, அன்பின் வெளிப்பாடு எல்லாவற்றுக்கும் வேதாகமத்தில் வேர் இருக்கிறது. ஆனால் எந்த விளக்கமானாலும் பிதாவையும் குமாரனையும் எதிரெதிரே நிறுத்தினால் அது கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு விலகிவிடுகிறது. இரண்டாம் கொரிந்தியர் 5-இன்படி உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே. 553-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய பொதுச்சங்கம், மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவர் என்று அறிக்கையிட்டது. அப்பாவி ஒருவரைப் பிடித்து நம் இடத்தில் கடவுள் நிறுத்தவில்லை. நம் இடத்தில் வந்து நின்றவர் கடவுளே.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். சும்மா மன்னித்திருக்கலாமே? மன்னிப்பு எப்போதுமே மன்னிப்பவருக்குச் செலவு வைக்கிறது. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில் ராஜா பதினாயிரம் தாலந்து கடனைத் தள்ளிவிடுகிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. தள்ளிவிட்டதால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடாது, நட்டம் ராஜாவுடையது. ஆழமாகக் காயப்பட்டு, பழிவாங்காமல், குற்றத்தையும் மூடிமறைக்காமல் ஒருவரை மன்னித்தவர்களுக்கு இது தெரியும். தீமையின் பாரத்தை யாரோ ஒருவர் சுமந்தாக வேண்டும். கடவுள் அதை நம்மேல் திருப்பிப் போடாமல் தாமே சுமந்த இடம் சிலுவை. அங்கே அன்பு விலைக்கு வாங்கப்படவில்லை. ஏற்கனவே இருந்த அன்பு வெளியே தெரிந்தது. யோவான் தம் முதல் நிருபத்தில் 'நாம் தேவனிடத்தில் அன்புகூர்ந்ததினால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்புகூர்ந்து' என்று சொல்வதும், நாம் இன்னும் பாவிகளாக இருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று பவுல் ரோமருக்கு எழுதுவதும் இந்த வரிசையைத்தான் காட்டுகின்றன.

நம்மிடம் கேட்கப்படும் தியாகம்

உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று பவுல் எழுதுவது ரோமர் 12-இல், அதாவது பதினொரு அதிகாரங்கள் கடவுளின் இரக்கத்தை விளக்கியபின். எனவே கிறிஸ்தவரின் தியாகம் நன்றியிலிருந்து வருகிறது. கடவுளின் தயவைச் சம்பாதிக்கும் முயற்சியாக அது இருக்க முடியாது. அதை அளக்கும் கோல் வலியும் இல்லை. என் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பு எனக்கிராவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று முதலாம் கொரிந்தியர் 13 சொல்கிறது. இதைவிடக் கூர்மையாக யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா பட்டணத்துப் பேராயர் பொலிகார்ப் இரத்தசாட்சியாக மரித்ததைப் பற்றிய பழைய பதிவில், குவிந்து என்ற ஒருவன் வருகிறான். தானே முன்வந்து அதிகாரிகளிடம் ஒப்புக்கொடுத்தவன், காட்டு மிருகங்களைக் கண்டதும் பயந்து மறுதலித்துவிட்டான். தாங்களாகவே போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை என்று அந்தப் பதிவு சொல்கிறது. பொலிகார்ப்போ, நண்பர்கள் வற்புறுத்தியபோது முதலில் ஊரைவிட்டு ஒதுங்கிப் போனவர்.

இதன் பக்கத்தில் 1941-இல் நாசிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் நடந்ததை வைத்துப் பார்க்கலாம். ஒரு கைதி தப்பியதற்குப் பதிலாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தீர்ப்பானது. அவர்களில் ஒருவரான பிரான்சிசெக் கயோவ்னிச்செக், மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். பிரான்சிஸ்கன் துறவி மாக்சிமிலியன் கோல்பே முன்னே வந்து, அவருடைய இடத்தில் தான் போவதாகச் சொன்னார். ஆகஸ்ட் 14 அன்று கோல்பே விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். 1982-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, கயோவ்னிச்செக் உயிரோடு அங்கே இருந்தார். கோல்பே சாவைத் தேடிப் போகவில்லை. ஒரு மனிதன் வாழ வேண்டும் என்று விரும்பினார். அதற்கு அங்கே வேறு வழி இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம், 'இயேசு சுமக்கவில்லையா, நீயும் சிலுவையைச் சும' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தலைவர்களின் தவறை வெளியே சொல்லாமல் சபையின் நற்பெயருக்காகத் தியாகம் செய்யும்படி பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்பவர்களும் இருக்கிறார்கள். இது சிலுவையின் பெயரால் செய்யப்படும் பாவம். தியாகம் அதைச் செய்பவர் சுதந்திரமாகக் கொடுப்பது. இன்னொருவர் மேலே நின்று உத்தரவு போட்டுப் பறிப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. வேதாகமத்தில் கடவுள் அடுத்தவரைப் பலியாடாக்குகிறவர்களின் பக்கம் நிற்பதில்லை. குற்றநிவாரணபலியின் விதியை இங்கே திரும்ப எண்ணிப் பார்க்கலாம்: அநியாயம் செய்தவன் முதலில் போக வேண்டியது பாதிக்கப்பட்டவரிடம்.

திருவிருந்தில் சேர்வது

அப்பத்தையும் இரசத்தையும் பகிரும் திருவிருந்து (கத்தோலிக்கர் சொல்லும் திருப்பலி) ஒரு பலியா என்பதைப் பற்றிச் சபைகள் கடுமையாக மோதிக்கொண்டதும் உண்டு. திருப்பலியை மனிதர் கடவுளுக்குச் செலுத்தும் பலியாக, பலன் தரும் செயலாகப் பார்ப்பதை 1520-இல் சீர்திருத்தவாதி லூத்தர் எதிர்த்தார்; அது கடவுள் நமக்குத் தரும் வாக்குத்தத்தம், பெற்றுக்கொள்ள வேண்டியது என்றார். 1562-இல் திரெந்து பொதுச்சங்கம், திருப்பலி உண்மையான பலியே, ஆனால் சிலுவையில் தம்மையே கொடுத்த அதே கிறிஸ்துவே இரத்தம் சிந்தாத முறையில் அங்கே ஒப்புக்கொடுக்கப்படுகிறார் என்று பதில் சொன்னது. வேறுபாடு இன்னும் தீரவில்லை. இருந்தும் எபிரெயர் நிருபம் சொல்லும் 'ஒரேதரம்' என்பதை இரண்டு தரப்புமே விட்டுக்கொடுக்கவில்லை. கிழக்குத் திருச்சபைகளின் வழிபாட்டில் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தும்போது, உம்முடையவற்றிலிருந்தே உம்முடையதை உமக்குச் செலுத்துகிறோம் என்று குருவானவர் ஜெபிக்கிறார். நாம் கொண்டுவருவதும் ஏற்கனவே அவர் கொடுத்ததுதான்.

எபிரெயர் 13, இனி மிஞ்சியிருக்கும் பலிகளைச் சொல்கிறது: உதடுகளின் துதி, நன்மை செய்வது, தானதர்மம் பண்ணுவது. முதல் தலைமுறைகள் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில், ரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை விவரிக்கிறார். வேதம் வாசிப்பார்கள், ஜெபிப்பார்கள், நன்றி செலுத்தி அப்பத்தையும் இரசத்தையும் பகிர்ந்துகொள்வார்கள், வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். அப்புறம் வசதி உள்ளவர்கள் அவரவர் விருப்பப்படி கொடுப்பார்கள். சேர்ந்தது சபையை நடத்துபவரிடம் ஒப்படைக்கப்படும். அவர் அதைக்கொண்டு அநாதைகளையும் விதவைகளையும், நோயாலோ வேறு காரணத்தாலோ தவிப்பவர்களையும், சிறையில் இருப்பவர்களையும், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களையும் கவனித்துக்கொள்வார்.